மதியச் சாப்பாட்டு வேளையில் கேட்ட மணி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு அப்போது காலை ஆறு நாற்பதுக்கு ஒரு பஸ் இருந்தது. திருக்கழுக்குன்றம் வரையில் வலப்பக்கம் இருநூற்றுப் பதினோரு புளியமரங்கள். இடப்பக்கத்து மரங்களின் கணக்கு என்னிடம் இல்லை. அந்த ஜன்னலோரத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்துகொள்வார். அவர் தலை மறைக்கும். சாலையை அகலப்படுத்தியபோது பாதி மரங்களை வெட்டிவிட்டார்கள். இனி எண்ணியும் பயனில்லை.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். கடற்படையில் குமாஸ்தாவாக இருந்து, வேறொரு நாட்டுக்கு உளவு சொல்லி, இரண்டு வருஷம் நாலு மாதம் சிறையில் இருந்தவர். எங்கள் தெருவில் இது தெரிந்தவர்கள் இன்று மூன்று பேர்: அவர், என் தங்கை, நான். போன மாதம் அவரே சொன்னார். "நாம மூணு பேரும் போயிட்டா இத சொல்ல ஆளில்ல மச்சான். நீ எழுது. எண்ணிக்கையாவது சரியா இருக்கும்."

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. கடற்படையின் அளவைக் கப்பல் ஒன்று தை முதல் சித்திரை வரை எங்கள் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும். அதிலிருந்து படகுகள் இறங்கி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு, கடலின் ஆழத்தை இடம் இடமாகப் பார்த்துக் குறித்துவரும். அந்தக் குறிப்புகளைப் பட்டியலாக்கி டைப் அடிக்க மாமல்லபுரத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதில் ஓர் அதிகாரி, இரண்டு குமாஸ்தாக்கள். டைப் அடிப்பவர் மாப்பிள்ளை. அடித்ததை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, எண்ணி, கட்டி வைப்பவன் நான்.

இருவரும் அதுவரை ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. மாப்பிள்ளைக்கு இருந்தது. மதுராந்தகம் பக்கம் ஏரிப் பாசன கிராமத்தில் பிறந்தவர். கடற்படை என்று விண்ணப்பம் போட்டபோது கப்பலில் வேலை என்றே நினைத்தாராம். ஜன்னல் வழியாக அந்தச் சாம்பல் நிறக் கப்பலைப் பார்த்துக்கொண்டே டைப் அடிப்பார். அதனால் பிழை வரும். ஒரு நாளைக்குச் சராசரி நான்கு.

எங்களுக்கு அவர் தூரத்து உறவு. அந்தத் தையில் என் தங்கைக்கும் அவருக்கும் நிச்சயமானது; வைகாசியில் கல்யாணம். நிச்சயமான மறுநாளிலிருந்து நான் அவரை 'நீங்க' என்றேன். என்னைவிட நாலு மாதம் சின்னவர். அவர் மட்டும் வழக்கம்போல 'நீ' என்றார்.

காகிதத்தில் எங்கள் அலுவலகம் மிகவும் கண்டிப்பு. காலையில் அதிகாரி பெட்டியைத் திறந்து வெள்ளைத் தாள்களையும் கார்பன்களையும் எண்ணிக் கொடுப்பார். மாலையில் அடித்தவை, கெட்டுப்போனவை, மீந்தவை மூன்றையும் நான் எண்ணித் திருப்பிக் கொடுப்பேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து பிரதி, நான்கு கார்பன். ஒரு கார்பனை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். சனிக்கிழமை மதியம் உபயோகித்த கார்பன்களையும் கெட்ட தாள்களையும் வீட்டுக்குப் பின்னால் மணலில் குழி தோண்டி எரிக்க வேண்டும். நான் எண்ணுவேன், மாப்பிள்ளை தீக்குச்சி கிழிப்பார், இருவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம். மூன்று பருவங்களில் ஒரு தாளும் குறைந்ததில்லை. அதிகாரி வடக்கத்திக்காரர், அதிகம் பேசமாட்டார். அவரே ஒரு முறை "குட்" என்றார்.

நான் மதியச் சாப்பாட்டைப் பின்பக்கம் பனைமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அதிகாரி அந்நேரம் பயணியர் விடுதிக்குப் போய்விடுவார். பங்குனி மாதத்தில் மாப்பிள்ளை என்னோடு சாப்பிட வருவதை நிறுத்தினார். பிறகு சாப்பிடுகிறேன் என்பார். வேலையில் கெட்டிக்காரராகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

டைப்ரைட்டரில் ஒவ்வொரு வரியும் வலது ஓரத்தை நெருங்கும்போது சின்னதாக ஒரு மணி அடிக்கும். கடிதம் என்றால் சில வரிகள் பாதியில் நிற்கும், மணி அடிக்காது. ஆழப் பட்டியலில் எல்லா வரியும் ஓரம் வரை போகும். பக்கத்துக்கு நாற்பத்திரண்டு வரி, நாற்பத்திரண்டு மணி. அதை எண்ண வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எண்ணாமல் இருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை. தயிர்சாதத்தைப் பிரித்தேன். உள்ளே மணி அடித்தது. நாற்பத்திரண்டு, தாள் மாற்றும் இடைவெளி, மறுபடி நாற்பத்திரண்டு, இன்னொரு இடைவெளி, இன்னொரு நாற்பத்திரண்டு. மூன்று பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் கட்டும்போது பார்த்தால் காலையில் அடித்த ஆறு பக்கங்களும், மூன்று மணிக்கு மேல் என் எதிரில் அடித்த இரண்டும்தான் இருந்தன. மதியம் கேட்ட மூன்று பக்கம் எங்கே? வெள்ளைத் தாளை எண்ணினேன், சரி. கார்பனை எண்ணினேன், சரி. என் காதில்தான் கோளாறு என்று முடிவு செய்து அன்றிரவு எண்ணெய் விட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் நான்கு பக்கத்துக்கான மணி. வியாழன் மூன்று. வெள்ளிக்கிழமை விடுமுறை. மணி மட்டும் இருந்தது. தாள் இல்லை.

எனக்குப் புரிய மூன்று நாள் ஆனது. பெட்டியிலிருந்து ஒரு தாள் எடுத்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அதனால் தாளைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து, காலையில் அடித்த பட்டியலையே மதியம் மறுபடியும் முழுதாக அடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை குழிக்கு முன் உட்கார்ந்தோம். அந்த வாரத்தின் நாலு நாள் வேலைக்கு நூற்று இருபத்தெட்டு கார்பன்.

"இன்னா மச்சான், மூஞ்சி செத்துக்கீது? அலைல ஒண்ணு ரெண்டு கொறையுதா?" என்றார்.

"மாப்பிள்ளை, மதியம் அடிக்கிறது யாருக்கு?"

கையிலிருந்த தீக்குச்சி விரல் வரை எரிந்து அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அணைந்தது. அப்புறம் சொன்னார்.

சென்னையில் ஒரு நாட்டின் வர்த்தக அலுவலகத்தில் இருந்த துரை ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்ரதம் பார்க்க வருவார். முதலில் குளிக்க நல்ல நேரம் எது, கடல் எப்போது வற்றும் என்று கேட்டிருக்கிறார். பிறகு ஆழத்தைக் கேட்டிருக்கிறார். அவர்கள் நாட்டுச் சரக்குக் கப்பலில் எழுத்தர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து வருஷத்தில் பன்னிரண்டு துறைமுகம் பார்க்கலாமாம். இதுவரை கொடுத்தது ஒரு பேனா.

"எத்தினி பக்கம் குடுத்தீங்க?"

"பத்தொம்பது. இந்த வாரத்துது இன்னும் குடுக்கல. பைலதான் கீது. ஆழந்தான மச்சான்? அதோ போறானே, அவனக் கேளு."

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மீனவர் போய்க்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கூப்பிட்டார். "அண்ணாத்த! கோயிலுக்கு நேர் எதுர்ல, அந்தக் கப்பல் நிக்கிற எடத்துல எவ்ளோ ஆழம்?"

"ஏழு பாகம்," என்றார் அவர், நிற்காமலே. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். எங்கள் பட்டியலிலும் அந்த இடத்துக்கு ஏழுதான்.

"பாத்தியா?" என்றார் மாப்பிள்ளை. ஆனால் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாளின் தலையில் 'ரகசியம்' என்று தினமும் எட்டு முறை அடிப்பவர் அவர். பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். எண்ணிக்கை சரியாகத்தானே இருந்தது.

நான் சொன்னால் என் தங்கையின் கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் வாரா வாரம் பொய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவளையும் அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பஸ்ஸில் அன்று மரங்களை எண்ணவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை தங்கையை ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள்; பத்தொன்பது வயது. அழுவாள் என்று நினைத்தேன்.

"நீ எண்ணினது சரிதானாண்ணா?" என்றாள்.

"மூணு நாள் எண்ணினேன். அவரே ஒத்துக்கிட்டார்."

"கப்பல்ல போறதுக்காகவா?"

"ஆமா."

"மகாபலிபுரம் பஸ்லயே வாந்தி எடுக்கிறவ நான். என்னக் கேட்டாரா அவர்?" அதில்தான் அவளுக்குக் கோபம். "நீ போய் சொன்னா எவ்வளவு வருஷம் போடுவாங்க?"

"தெரியாது. அதிகம்."

"அவரே போய் சொன்னா?"

"குறையலாம்."

"அப்ப அவரே போகட்டும். நான் சொன்னேன்னு சொல்லு."

"கல்யாணம்?"

"தேதிதான மாறும்? வந்தப்புறம் நீயே பஞ்சாங்கத்த எண்ணி ஒரு நாள் சொல்லு."

திங்கட்கிழமை பஸ்ஸில் மாப்பிள்ளையிடம் அப்படியே சொன்னேன். திருக்கழுக்குன்றம் வந்து, கழுகுக் கோயில் மலை பின்னால் போனது. பிறகு, "நெஜமா காத்துகினு இருப்பாளா?" என்றார்.

"தேதிதான் மாறும்னு சொன்னா."

ஞாயிற்றுக்கிழமை அவர் துரையைப் பார்க்கப் போகவில்லை. இறங்கியதும் பையிலேயே இருந்த பத்துப் பக்கங்களை எடுத்துக்கொண்டு நேரே அதிகாரியின் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன்.

அதிகாரிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பெட்டியைத் திறந்து என்னை எண்ணச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு உனக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்டார். மணி என்றேன். என்னைப் பனைமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, மாப்பிள்ளையை உட்காரவைத்து ஏதோ அடிக்கச் சொன்னார். திரும்பக் கூப்பிட்டபோது "பதினேழு" என்றேன். தாளைப் பார்த்தார். பதினேழு வரி. நாற்காலியில் சாய்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைது செய்ய வேண்டிய நேரத்தில் அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

தானே வந்து சொன்னதையும், கடைசிப் பத்துப் பக்கங்கள் கைமாறாததையும் கோர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள். துரை அந்த வாரமே தன் நாட்டுக்குப் போய்விட்டார். கப்பலில்தான் போனாராம். என்னை மூன்று நாள் விசாரித்தார்கள். வேலை போகவில்லை, ஆனால் ரகசியத் தாள் இருக்கும் அறைக்கு அதன்பின் என்னை அனுப்பவில்லை. செங்கல்பட்டிலேயே வேறொரு அலுவலகத்தில் ஓய்வூதியப் பிரிவு கிடைத்தது. வீட்டிலிருந்து எண்ணூற்று நாற்பது காலடி தூரம். அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

அம்மா எட்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. உறவில் இரண்டு வரன்கள் வந்தன. தங்கை இரண்டு பேரையும் வேண்டாம் என்றாள். பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சிறைக்கு அவள் எழுதியது ஐம்பத்தெட்டுக் கடிதம். அவர் எழுதியது ஐம்பத்தேழு. நான் ஒன்றையும் படித்ததில்லை. தபாலில் சேர்த்தவன், தபாலில் வாங்கியவன் என்ற முறையில் தெரியும்.

அவர் வந்த பிறகு ஓர் ஆவணியில் நாள் பார்த்துக் கொடுத்தேன். சிங்கப்பெருமாள் கோயிலில் கல்யாணம். முப்பத்தொரு பேர் சாப்பிட்டார்கள். அறுபது பேருக்குச் சமைத்திருந்தோம். அரசாங்க வேலை இனி கிடைக்காது என்பதால் செங்கல்பட்டில் மாடி ஒன்றில் டைப்ரைட்டிங் நிலையம் வைத்தார். ஆறு இயந்திரம், பிறகு பதினொன்று. இந்த ஜில்லாவில் எத்தனை அலுவலகங்களில் அவரிடம் படித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் என்னால் எண்ண முடியாமல் போனது.

கல்யாணமான மறுவாரம் மூவரும் கடப்பாக்கம் போனோம். ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிற இடத்தில் ஒரு மீனவர் படகில் ஏற்றிக்கொண்டு போனார். மாப்பிள்ளை முன்னால் நின்றுகொண்டார். கரை கொஞ்சம் விலகியதும் தங்கைக்கும் முந்தி அவர் வாந்தி எடுத்தார்.

"இன்னா சார், புது மாப்ளயா? குந்து, குந்து," என்றார் படகுக்காரர்.

தங்கை அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படகுக்காரரைக் கேட்டாள். "இங்க ஆழம் எவ்வளவு?"

"மூணு பாகம் கீதும்மா. அந்தாண்ட நாலு."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "இதுக்கா ரெண்டு வருஷம்?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்," என்றேன் நான். இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். சேர்ந்து திட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது.

இதுவரை எழுதியதை நேற்று அவரிடம் படிக்கக் கொடுத்தேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் படித்தார். சிறை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாந்தி பற்றியும் சொல்லவில்லை. "எல்லாம் சரி. பஸ் ஆறு நாப்பது இல்ல மச்சான், ஆறு முப்பத்தஞ்சு," என்றார்.

உள்ளேயிருந்து தங்கை, "ஆறு நாப்பதுதான்!" என்றாள்.

இரண்டுக்கு ஒன்று. ஆறு நாற்பது என்றே விட்டுவிடுகிறேன். ஆனாலும் நேற்று முழுக்க அது என்னை அரித்துக்கொண்டிருந்தது.