அடைப்புக்குறிக்குள் ஒரு பளார்

பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன், எழுபதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் டெலிபிரிண்டர் இயக்கினேன். கம்பியின் மறுமுனை எண்ணூரில் ஒரு தொழிற்சாலை. நான் தட்டுவது அங்கேயும், அங்கே தட்டுவது இங்கேயும் உடனே விழும். இருவர் எழுத்தும் ஒரே தாளில், ஒரே மையில், ஒன்றன்கீழ் ஒன்றாக.

அந்த முனையில் இருந்தவன் திருவொற்றியூர்க்காரன். என் வயதுதான். தற்காலிக ஊழியன். சரக்கு விவரங்களுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் தமிழ் பேசிக்கொள்வோம். முகம் தெரியாததால் செய்கைகளை அடைப்புக்குறிக்குள் போட்டோம். (டீ குடிக்கிறேன்). (சலாம்). பதில் தாமதமானால் (தலையில் குட்டு). இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவன் நான்.

எண்ணூரில் தாளின் கார்பன் நகல் தினமும் காலையில் மேனேஜர் மேசைக்குப் போகும். பழைய மேனேஜர் படிக்காமல் கையெழுத்திடுவார். புதிதாக வந்தவர் படித்தார்.

ஒரு மதியம் அந்தப் புதியவர் சொல்லி அவன் தட்டினான்: லாரிப் பட்டியலை உடனே அனுப்பவும், மேனேஜர். அன்று அது மூன்றாவது முறை. பட்டியல் இன்னும் என் கைக்கு வரவில்லை. நான் அவனுக்கு (பளார்) என்று தட்டினேன். (கீழே விழுந்தேன்) என்று பதில் வந்தது. சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் மேனேஜர் பார்த்தது இதைத்தான்: தன் உத்தரவு, கீழே தன் பதவி, அதற்குக் கீழே ஓர் அறை. யார் யாரை அறைந்தது என்பது தாளில் இல்லை. அவர் கண்முன் இருந்த ஆபரேட்டர் ஒருவன்தான். விளக்கம் கேட்டு அவனுக்கு மெமோ கொடுத்தார்.

அன்று மாலை அவன் போனில் கூப்பிட்டு டோல்கேட் டீக்கடைக்கு என்னை வரச் சொன்னான். முகம் பார்த்தது அன்றுதான்.

"மிஷின்ல அறைஞ்சா வலிக்காதுன்னு நெனச்சேன் மாமு. இன்னா வலி வலிக்குது பாரு."

"நீ சொல்லலியா, நான் தட்டினதுன்னு?"

"சொன்னேன். ஆதாரம் கீதான்னு கேக்குறாரு. நீ ஒரு லைன் எய்திக் குடு. 'தட்டுனது நான்'னு. அம்புட்டுதான். வர்ற மாசம் என்னை பர்மனென்ட் பண்ணணும்."

எழுதித் தருகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். ஆனால் அந்தக் கடிதம் என் முதலாளி கண்ணிலும் படக்கூடும். எண்ணூர் எங்கள் பெரிய வாடிக்கையாளர். ஆகவே ஆங்கிலத்தில், மூன்று முறை திருத்தி, இப்படி எழுதினேன்: இயந்திரம் இயக்குபவர்களிடையே இத்தகைய சொற்கள் விளையாட்டாகப் பரிமாறப்படுவது வழக்கம், யாரையும் அவமதிக்கும் நோக்கம் இல்லை. அதில் பொய் எதுவும் இல்லை. தட்டியவன் யார் என்பதும் இல்லை.

அடுத்த வாரம் எண்ணூரிலிருந்து வேறொருவன் தட்டினான். வேகம் குறைவு. அடைப்புக்குறி ஒன்றுகூட இல்லை. திருவொற்றியூர்க்காரனைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் தாளில் இருக்கும்.

சில மாதங்கள் கழித்து ராயபுரம் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். கையில் சாப்பாட்டுத் தூக்கு.

"இப்ப எங்க?"

"வார்னிஷ் கம்பெனில டின்னு தூக்கிகினு கீறேன்."

"நான் லெட்டர் அனுப்பினேனே."

"காட்டுனாங்க நைனா. நல்ல இங்கிலீசு. உன்னத்தான் அதுல காணோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வண்டி வந்ததும் நான் ஏறிய பெட்டியில் அவன் ஏறவில்லை.