வெள்ளைப் புகையும் முகம் பார்க்கும் கண்ணாடியும்

கல்யாணமான புதிதில் எனக்கு வேலை போகும் நிலைமை வந்ததை உங்கள் அம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எதனால் என்று அவள் சொல்லியிருக்கமாட்டாள். எனக்கு அது வெட்கம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நாலைந்து நாளில் நான் கண்ட காட்சிகளை இன்றைக்கு நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன், பிள்ளைகளே. ஐந்தாம் வகுப்பு படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு வாசியுங்கள்.

யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மொத்த அரிசி வியாபாரம் செய்த நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவரிடம் நான் கார் ஓட்டினேன். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி, அவர் மனைவி ஆச்சி. கார் அப்போதே பழசு. கறுப்பு உடம்பு, துணிக் கூரை, முன்னால் தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துவாரங்களோடு பெரிய ரேடியேட்டர். எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீர் அங்கே வந்துதான், பின்னால் சுற்றும் விசிறி துவாரங்கள் வழியாக இழுக்கும் காற்றில் ஆறும். மாதம் இரண்டு தடவை நாகர்கோவிலுக்குப் போய் வருவோம். எனக்கு ஓட்டத் தெரியும், டயர் மாற்றத் தெரியும், தண்ணீர் ஊற்றத் தெரியும். அவ்வளவுதான்.

அந்த வருஷம் வண்டிக்குச் சூடு ஏறத் தொடங்கியது. முதலில் நெய்யாற்றின்கரை தாண்டித்தான் தண்ணீர் கொதிக்கும். பிறகு பாலராமபுரத்திலேயே. கடைசியில் நேமம் வருவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வரும். ஓரமாக நிறுத்திவிட்டு, யார் வீட்டுக் கிணற்றிலாவது தண்ணீர் கேட்டு ஓடுவேன். அதோடு பின் குழாயில் வெள்ளைப் புகையும் வர ஆரம்பித்தது. எந்த வண்டியும் காலையில் கிளப்பும்போது கொஞ்சம் வெள்ளையாக விடும், உடனே நின்றுவிடும். எங்கள் வண்டி நாள் முழுக்க விட்டது.

ஒரு நாள் கடை வாசலில், மூட்டை தூக்குகிற ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் நிற்கும்போது, அண்ணாச்சி அந்தப் புகையைப் பார்த்தார்.

"லே, வண்டியில என்னத்த ஊத்துத?"

"பெட்ரோல்தான் அண்ணாச்சி."

"பெட்ரோலு இப்பிடியா பொகையும்? பெட்ரோல வித்துப்போட்டு மண்ணெண்ணெய ஊத்துத டிரைவர்மாரு கதை எனக்கும் தெரியும், கேட்டியா."

மூட்டைக்காரர்களில் ஒருவன், "மண்ணெண்ணெய்னா ராத்திரி விளக்கு வேண்டாம் அண்ணாச்சி, வண்டியே எரியும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்தப் புகை எங்கேருந்து வருதுன்னு எனக்குக் காட்டணும். காட்ட முடியலியா, வண்டிய விட்டுட்டுப் போயிரு."

வேலை போனால் வேறு வேலை தேடலாம். கள்ளன் என்று பெயர் எடுத்த டிரைவருக்கு இந்த ஊரில் யார் வண்டியைத் தருவார்கள்? உங்கள் அம்மா அப்போது உங்கள் அக்காவைச் சுமந்துகொண்டிருந்தாள். இரவு அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை என்பதை வைத்து அவளே ஏதோ புரிந்துகொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். மலையாளி, என்னைவிட இரண்டு வயது இளையவர், எங்களோடு பழகித் தமிழும் பேசுவார். எஞ்சின் மூடியைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவே இல்லை. வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"அங்க என்ன பாக்குறீங்க? கோளாறு முன்னாலல்லா?"

"வண்டிக்கு வாய் பின்னாலாணு, அண்ணா" என்றார்.

கொட்டகைத் தூணில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, புகைக் குழாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கண்ணாடி மங்கியது. பிறகு முத்து முத்தாகத் துளி சேர்ந்தது. அதில் விரலை வைத்துத் தேய்த்தார், முகர்ந்தார், என்னிடமும் நீட்டினார்.

"மண்ணெண்ணெய் மணம் உண்டா?"

"இல்ல."

"விரல் வழுக்குதா?"

"இல்ல."

"அப்போ இது வெறும் தண்ணி. எண்ணெய் எரிஞ்சா புகை நீலமா இருக்கும். பெட்ரோல் கூடிப்போனா கறுப்பு. தண்ணி உள்ள கேறினா இதுபோல வெள்ளை. அண்ணா ஒண்ணும் கலக்கல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதமாக அந்தப் புகை என் கண் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண்ணாடித் துண்டை நீட்டினால் அது பதில் சொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

"ஆனா தண்ணி எப்பிடி நெருப்புக்குள்ள போகும்?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்."

எஞ்சின் ஆறியதும் மேல் பாகத்தைக் கழற்றினார். ஹெட் என்று சொல்வோம். அதற்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே செம்புத் தகடு ஒன்று இருக்கும். பிள்ளைகளே, நினைத்துப் பாருங்கள். அந்தத் தகட்டுக்கு ஒரு பக்கம் நெருப்பு, ஒரு விரல் தள்ளித் தண்ணீர், இன்னொரு விரல் தள்ளி எண்ணெய். மூன்றும் ஒன்றையொன்று தொடாமல், நிமிஷத்துக்கு எத்தனையோ நூறு தடவை அந்த நெருப்பு பற்றி அணைகிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் நாங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய் வந்தோம்.

தகடு ஓரிடத்தில் கரிந்து ஓட்டையாகியிருந்தது. அதற்கு அடியில் நான்கு பிஸ்டன்கள். மூன்றின் தலையில் அடுப்புக் கரி மாதிரி கறுப்பு. ஒன்று மட்டும் புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தது. ஓட்டை வழியாகக் கசிந்த தண்ணீர் ஆவியாகி, ஆவியாகி அதை நாள்தோறும் கழுவியிருக்கிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

தப்பித்தோம் என்று எழுந்தேன். அவர் எழவில்லை.

"இது கரிஞ்சது சூட்டுல. சூடு எங்கேருந்து வந்தது?"

மண்ணெண்ணெய் விளக்கைப் பொருத்தி ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்தார். முன்னால் வந்து பார்க்கச் சொன்னார். அத்தனை துவாரம் இருந்தும் மூலையில் நாலைந்தில்தான் வெளிச்சம் தெரிந்தது. மற்றதெல்லாம் சுவர். ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து ஒரு துவாரத்தில் குத்தினார். மஞ்சளாக ஒரு கட்டி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"அண்ணா, இது சந்தனமல்லே?"

வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி, ரேடியேட்டர் முகம் முழுக்கச் சாமிக்குச் சாத்துவதுபோல நான்தான் சந்தனக் காப்புச் சாத்துவேன். ஆச்சியே தன் கையால் அரைத்துத் தருவார்கள். வண்டிக்குச் சூடு ஏறத் தொடங்கியதும், சந்தனம் குளிர்ச்சி என்று கிண்ணம் பெரிதானது. சூடு கூடக் கூடச் சந்தனத்தையும் கூட்டினோம். மேலே பூசியதைக் கழுவினேன். உள்ளே இறங்கியது ரோட்டுப் புழுதியோடு சேர்ந்து இறுகிவிட்டது. காற்று போக வழியில்லை.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தி, "முதலாளி வர்றதுக்கு முன்னால கழுவி விடலாம். தகடு போச்சுன்னு மட்டும் சொன்னாப் போதும். நான் மிண்டமாட்டேன், வாய் திறக்கமாட்டேன்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் ஒரு நிமிஷம் ஈர்க்கைக் கையில் வாங்கிவிட்டேன். ஆனால் காலையிலிருந்து அந்த வண்டி ஒரு பொய்கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்திருந்தது. என்னைக் கள்ளன் இல்லை என்று சொன்னதும் அதுதான். அதன் முன்னால் நின்றுகொண்டு மறைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஈர்க்கைக் கீழே வைத்தேன்.

காலையிலேயே சொல்லியனுப்பியிருந்ததால், நாலு மணிக்கு அண்ணாச்சி குதிரை வண்டியில் வந்து இறங்கினார். மெக்கானிக் தகட்டையும் பிஸ்டனையும் காட்டினார். அண்ணாச்சி குனிந்து வெகுநேரம் பார்த்தார். நான் ரேடியேட்டர் பக்கம் கூட்டிக்கொண்டுபோய், "தகடு கரிஞ்சதுக்குக் காரணம் இங்க இருக்கு அண்ணாச்சி. பூசினது நான்தான்" என்றேன்.

அவர் விளக்கைப் பார்த்தார், சந்தனக் கட்டியை முகர்ந்தார். பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அரைச்சது ஆச்சியில்லியாலே?"

நான் விளக்கை ஊதி அணைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் கட்டியாப் பூசுலேன்னு சொன்னது யாரு?"

சொன்னது அவர்தான்.

"ஆச்சிகிட்ட நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். பிறகு, "எப்பிடிச் சொல்லப் போறேனோ" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

புதுத் தகடு கொல்லத்திலிருந்து பஸ்ஸில் வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் நான் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொரு துவாரமாக ஈர்க்கால் குத்தி, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவினேன். கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே கோயில் மணம் மணத்தது.

மூன்றாம் நாள் காலை வண்டியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மூட்டை இறக்கும் நேரம், ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அண்ணாச்சி கல்லாப் பெட்டியடியிலிருந்து இறங்கி வந்து, "எஞ்சினை நிப்பாட்டாத" என்றார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் இங்க வாங்கடே. இவன் மண்ணெண்ணெய் ஊத்தல்ல. நாங்கதான் வண்டிய மூச்சுமுட்ட வச்சிருந்தோம்."

சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து ரேடியேட்டர் முன்னால் லேசாகப் பிடித்தார். உள்ளே சுற்றிய விசிறி அதை இழுத்தது. கையை எடுத்துவிட்டார். துண்டு கீழே விழவில்லை. ரேடியேட்டர் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அண்ணாச்சி வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார், நானும்தான்.