தோழியின் தொடரும் என் பாதி நாவலும்

என் கல்லூரித் தோழி சுமதி எழுதும் டிவி தொடரை மயிலாடுதுறையில் எங்கள் தெருவே பார்க்கிறது. அறிவியல் புனைகதை எழுத இருவரும் ஒன்றாகத்தான் தொடங்கினோம். அவள் நாவல்கள் புத்தகமாக வந்தன, பிறகு சென்னைக்குப் போய்விட்டாள். என்னுடைய ஒரே நாவல் பாதியில் நிற்கிறது. திரையில் அவள் பெயர் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

போன மாதம் எங்கள் ஊரில் அவளுக்குப் பாராட்டு விழா நடந்தது. ஒரு மாணவி எழுந்து, "அடுத்த அறிவியல் நாவல் எப்ப வரும், மேடம்?" என்று கேட்டாள். சுமதி சிரித்து மழுப்பினாள்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாம்பார் ஊற்றும்போதே போன் அடித்தது. "மாமியார் மயங்கி விழுற சீன்தானே? சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுறேங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டாள்: "உன் கதையில, கடலுக்குள்ள போயிட்ட நாகப்பட்டினத்தைத் தேடிப் போனாங்களே, கண்டுபிடிச்சாங்களா?"

"இன்னும் எழுதலைடி."

"எனக்குப் பொறாமையா இருக்குடி. நாவல் எழுத உட்கார்ந்தா இப்பல்லாம் எனக்கு சீரியல் சீன்தான் வருது. உன் கதை இன்னும் உன்கிட்ட இருக்கு."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். ஆனால் அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது வீடு வரும்வரை எனக்கு இனித்தது. அந்த இனிப்பை நினைத்தால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.