அவள் நன்மை வாங்காத காலை

அன்று பூசைக்கு இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: பதுளையிலிருந்து குதிரையில் வந்த வெள்ளைக்காரச் சாமியார், கூட வந்த உபதேசியார், பெரிய கங்காணி, அவர் சம்சாரம், நான், என் வீட்டுக்காரி, எங்கள் லயத்து வேதக்காரக் குடும்பங்கள் மூன்று. தோட்டத்தில் கோவில் கிடையாது. பூசை கங்காணி வீட்டில். முந்தின சாயங்காலம் செய்த பாவங்களைச் சாமியார் காதில் சொல்லும் பாவசங்கீர்த்தனமும் அங்கேதான், சாமியாருக்குக் கோழிக்கறியும் அங்கேதான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவனுக்கு விரோதமான சங்கதியைக் கேட்டால் வயிற்றுக்குள் நிற்குமா? இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். என் புத்தி அப்படித்தான் போயிற்று.

சங்கதி இருந்தது. கங்காணியின் கடனைத் தீர்க்காமல், அந்த வாரமே கொஸ்லந்தப் பக்கம் மச்சான் இருக்கும் தோட்டத்துக்கு ஓடிவிட நினைத்திருந்தோம்.

சாராயம் குடித்ததை மட்டும் சொல்லிவிட்டு நான் எழுந்துவிட்டேன். அடுத்து என் வீட்டுக்காரி போனாள். வரவே காணோம். கங்காணி வாசலில் வெற்றிலை மென்றபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்தில் எங்கள் காம்பராவுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். சாமிகிட்ட மறைச்சா அது என்ன பாவசங்கீர்த்தனம்?"

"என்ன சொன்னாரு?"

"கடனை அடைக்கிறேன்னு வாக்குக் குடு, பாவம் தீரும்னாரு. ஒங்களைக் கேக்காம எப்படிக் குடுக்க? தீர்க்காமலே அனுப்பிட்டாரு."

மறுநாள் பூசையில் எல்லோரும் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க முன்னால் போய் முழந்தாளிட்டோம். பாவம் தீராதவர்கள் அதை வாங்கக்கூடாது என்பதால் அவள் மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கங்காணி திரும்பிப் பார்த்தார்.

பூசை முடிந்ததும் கேட்டார்: "என்ன புள்ள, சாமியாலயே கழுவ முடியாத பாவமா? ஒம் புருசன் மட்டும் பளபளன்னு இருக்கான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் லயத்து முனையில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் காவலுக்கு வந்து குந்திவிட்டார்கள்.

"சாமிதான் சொல்லியிருக்காரு. கோழி தின்ன வாய்" என்றேன்.

"சும்மா இருங்க. ஓடுறவங்களுக்குச் சாமி பாவம் தீர்க்கிறதில்லைன்னு கங்காணிக்குத் தெரியாதா? நான் எந்திரிக்காததப் பாத்தாரு. அவ்வளவுதான்."

இருக்கலாம். ஆனால் அன்று காலை பூசை முடிந்து சாமியார் குதிரை ஏறும்போது கங்காணி அவர் காதோரம் ஏதோ கேட்டார். சாமியார் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, போடா என்றா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்த ஆட்கள் காவலை விட்டு எழுந்து போவதற்குள் மச்சான் தன் தோட்டத்தில் எங்களுக்காகப் பிடித்து வைத்திருந்த காம்பராவில் வேறு குடும்பம் வந்துவிட்டது. நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம். கங்காணிக்கு இன்னும் தரவேண்டியது எழுபத்தொரு ரூபாய் ஐம்பது சதம்.