கொண்டைக்கு அடியில்

என் அக்காளுக்கு எழுபது வயதைத் தாண்டிய பின்னரே வலிப்பு வந்தது. விழுந்து துடிப்பதில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை நிலைகுத்தும், உதடுகள் எதையோ மெல்வதுபோல் அசையும். மாத்திரைக்கு அடங்கியிருந்த அது சென்ற மழைக்காலத்தில் அடிக்கடி வரத் தொடங்கியது. இரத்தத்தைச் சோதித்தபோது, அழற்சியைக் காட்டும் அளவு மிகுந்திருந்தது. அழற்சி மூளையிலேயே இருக்கலாம் என வைத்தியர் ஐயுற்றார். அவ்வாறாயின் வார்டில் சேர்த்து முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கவேண்டும். அதற்குமுன் மூளை அலைச் சோதனை செய்யவேண்டும் என்றார்.

மஹய்யாவையில் தனியே வாழ்ந்த அக்காளுக்கு ஊசியைவிட வார்டே பேரச்சம். சோதனையன்று காலை வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் திணித்தாள்.

"நீயே வச்சுக்க. உள்ள போனா நான் எங்க திரும்பி வரப்போறேன்?"

தலையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வரும்படி முன்பே சொல்லியிருந்தார்கள். அக்காளின் சுத்தம் என்பது எண்ணெய் வழிய வாரி இறுக முடிந்த கொண்டை. சோதனை அறைப் பெண் விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அம்மா, இந்த எண்ணெயில ஒரு வயரும் ஒட்டாது. நல்லாக் கழுவிட்டு வாங்க."

"பெரிய எடத்துக்குப் பரட்டத் தலையோடயா வர்றது?" என்று முணுமுணுத்தபடியே அக்காள் என்னுடன் நடந்தாள்.

ஆஸ்பத்திரி வாசற்கடையில் ஷாம்பு வாங்கிவந்து குழாயடியில் கொண்டையை அவிழ்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத விடுடி. மேல மட்டும் கழுவு."

நான் விடவில்லை. கொண்டைக்கு அடியில், பிடரியில், மஞ்சள் அப்பிய பெரிய கட்டியொன்று சிவந்து பழுத்திருந்தது.

"என்னக்கா இது? டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"மூளைய பாக்குற மனுசன்கிட்ட பிடரியவா காட்டுறது?"

வைத்தியர் அக்கட்டியை நெடுநேரம் பார்த்தார். இரத்தத்தில் தெரிந்த அழற்சிக்கு இதுவே காரணமாகலாம், வலிப்பைத் தூண்டியதும் இதுவாகலாம் என்றார். அலைச் சோதனையில் பழைய வலிப்பின் அடையாளமன்றிப் புதிதாக எதுவுமில்லை. கட்டியைக் கீறி மருந்து தந்தார். மறுபடி இரத்தம் பார்த்த பின்பே வார்டைப் பற்றிப் பேசுவோம் என்றார். அதுவரை அக்காள் கம்பளையில் என் வீட்டில் தங்கினாள். புண் ஆற ஆற, அந்த வெறித்த பார்வையும் அரிதாயிற்று.

மறுமுறை இரத்தம் பார்த்தபோது அளவு இறங்கியிருந்தது. "வார்டு வேண்டாம்" என்று வைத்தியர் சொன்னதும் எனக்குத்தான் கண் கலங்கியது. அக்காள் எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, வெளியே வந்தாள். கம்பளை பஸ்ஸை நோக்கி நான் திரும்பியபோது கையை நீட்டினாள்.

"நீ போ. என் சாவியக் குடு."