பத்துக்குப் பத்து ‘இல்லையா’

லண்டனுக்கு வந்த முதல் வாரம். பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெரியவர் ஒருவர், பஸ் தாமதம், ‘இன்னிட்’ என்றார். ரொட்டிக்கடைப் பெண், நேற்று நல்ல மழை, ‘இன்னிட்’ என்றாள். நம்மவர்கள் பேச்சுக்குப் பேச்சு ‘சிவசிவா’ என்பதுபோல ஏதோ சாமி பெயராக்கும் என்று இரண்டு நாள் நினைத்திருந்தேன். ‘இல்லையா’ என்று பொருள்படும் ‘இஸின்ட் இட்’தான் தேய்ந்து இன்னிட் ஆகியிருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. எந்த வாக்கியமானாலும் வாலில் அதே ஒன்று. இதே குற்றத்துக்குத் தாம்பரத்தில் ஒருத்திக்கு முட்டை போட்டவன் நான்.

மேற்குத் தாம்பரத்தில் மருந்துக்கடை மாடியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையம். அங்கே இலக்கணத் தேர்வுத்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் என் வேலை. நூற்றுக்கு அறுபது வாங்கினால்தான் நாவலூர் கால் சென்டர் நேர்காணலுக்குப் பெயர் போகும். பலரை மண்ணைக் கவ்வ வைத்தது ‘கொஸ்டின் டேக்’ என்ற வால்கேள்வி. அவளுக்கு நீந்தத் தெரியும், இல்லையா என்பதற்குக் ‘கான்ட் ஷி’. அவர்கள் வந்துவிட்டார்கள், இல்லையா என்பதற்கு ‘ஹாவன்ட் தே’. ஆளுக்கும் வினைக்கும் தக்கபடி வால் மாறும்.

குரோம்பேட்டையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்காரரின் மகள் நசீமா மற்றதிலெல்லாம் கெட்டி. இதில் மட்டும் பத்து வினாவுக்கும் ‘இஸின்ட் இட்’ என்றே எழுதியிருந்தாள். ஒன்றுக்குக்கூட அது பொருந்தாதபடி வினாக்களை அமைத்தது என் சாமர்த்தியம். மொத்தம் ஐம்பத்தைந்து. மகள் நாவலூர் போகப்போகிறாள் என்று அவள் அப்பா அதற்குள் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். அவள் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“சார், தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரு இல்லையா போதும். இங்கிலீஷ்ல மட்டும் எதுக்கு சார் பத்து இல்லையா?”

அவள் வாயை அடைக்க, இங்கிலாந்தில் பால்காரன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான் என்று ஒரு போடு போட்டேன். அப்போது நான் பார்த்திருந்த அதிகபட்ச வெளிநாடு, தாம்பரத்தை அடுத்த படப்பை. அவள் நம்பிவிட்டாள். அந்த முறை நாவலூருக்குப் போன பட்டியலில் அவள் பெயர் இல்லை.

இப்போது இங்கே, குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் கல்லூரியில் விடைத்தாள் திருத்துகிறேன். அதே வேலைதான், குளிர் மட்டும் கூடுதல். போன வியாழக்கிழமை ஒரு சோமாலியப் பெண்மணியின் தாளில் பத்து இடத்திலும் ‘இன்னிட்’. பாவம், பஸ்ஸில் கற்றிருக்கிறார். எனக்குப் பேனா ஓடவில்லை. மேற்பார்வையாளர் காரலிடம் கொண்டுபோய், ஊரே இப்படித்தானே பேசுகிறது, மதிப்பெண் தரலாமா என்று கேட்டேன். எனக்கே விதி தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு, கால் மணி நேரம் கொஸ்டின் டேக் பாடம் நடத்தினார். நாங்கள் பேசலாம், அவர்கள் எழுதக்கூடாது என்று முடித்தார். பிறகு பரிவோடு, “உங்கள் நாட்டில் இதையெல்லாம் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள், இன்னிட்?” என்றார்.

சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. நசீமாவிடம் நான் நடந்துகொண்டதும் இப்படித்தானே. ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டைக் கடைக்குப் போன் செய்தேன். அவளே எடுத்தாள். மறு வருடம் வேறு இடத்தில் தேர்வெழுதி நாவலூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். பால்காரன் கதை பொய் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

“தெரியும் சார். லண்டன் கஸ்டமருங்க டெய்லி என் காதுல இன்னிட் இன்னிட்னுதான் சொல்றாங்க. எனக்கு ஒரு வருஷம் போச்சு, அவ்ளோதான்” என்றாள். அந்த ‘அவ்ளோதான்’ எனக்கு வலித்தது. அவள் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள். “உங்க ஊர்க்காரங்களுக்கும் முட்டை போடுங்க சார்.”

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தேன். வியாழக்கிழமை காரல், ‘உங்கள் நாட்டில்’ என்று என்னைத் தாம்பரத்துக்கு அனுப்பிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை நசீமா, ‘உங்க ஊர்க்காரங்க’ என்று அங்கிருந்து என்னை லண்டனுக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.