வளைவில் கேட்ட அழுகை

“டீச்சர், உங்க பாப்பாவுக்கு வாயில ரத்தமாம்.” கரும்பலகையில் கழித்தல் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே நின்று தபால்காரர் சொன்னார். சாக்கட்டியைக் கீழே வைத்தேனா, கையோடு கொண்டுபோனேனா என்பதுகூட நினைவில்லை. தேயிலைச் சரிவின் குறுக்குப்பாதையில் ஓடினேன்.

எண்பதுகளின் இறுதியில், சின்னக்கானல் பக்கத்தில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். கணவருக்குக் குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். ஒன்பது மாதக் கைக்குழந்தையைப் பகலில் பார்த்துக்கொண்டவர், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கடைசி வீட்டுப் பெரியம்மா. முதுகுவலியால் கொழுந்து பறிப்பை நிறுத்திவிட்டு, வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் நாலைந்து பேரைத் தன் ஒற்றை அறையில் வைத்துப் பார்த்தார். பள்ளிக்கும் லயத்துக்கும் இடையில் ஒரு பள்ளத்தாக்கு. அந்த வழியாகப் போகிறவர்கள் சொன்னால்தான் சேதி.

நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது குழந்தை தகர டம்ளரைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். பெரியம்மா சிரித்தார். “எதுக்கு டீச்சர் இப்பிடி ஓடியாறீய? ஈறக் கீறிக்கிட்டு பல்லு எட்டிப் பாக்குதுன்னுல்லா சொல்லிவிட்டேன்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பை விட்டு ஓடியதற்குத் தலைமையாசிரியரிடம் என்ன சொல்வது என்ற பயம் கோபமாக மாறியது. “இனிமே யார்கிட்டயும் எதையும் சொல்லி அனுப்பாதீங்க,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு எந்தச் சேதியும் வரவில்லை. நான் கேட்டதும் அதைத்தானே? ஆனால் அந்த மௌனம் என்னைப் பிய்த்துத் தின்றது. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது என் காது ஜன்னலுக்கு வெளியே கிடக்கும். பாலைக் கக்கியிருப்பாளோ, அடுப்பருகே தவழ்ந்திருப்பாளோ என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்துப் போடும். இன்று என் மகள், அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண் அனுப்பும் படங்களைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். எதைத் தேடுகிறாள் என்று நான் கேட்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து, விடாத மழை பெய்த ஒரு மாலை பெரியம்மாவின் வீடு பூட்டிக் கிடந்தது. “பாப்பாவுக்கு வலிப்பு. பெரியம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கு,” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். மற்றப் பிள்ளைகள் அவள் வீட்டில் இருந்தார்கள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் குழந்தை ஊசி போட்ட அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பளி முழுவதையும் அவளுக்குச் சுற்றிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு பெரியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே உடம்பு சுட்டிருக்கிறது. மத்தியானம் கண் செருகியதும் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

“சொல்லிவிடக் கூடாதுன்னுட்டீய. உங்களுக்கு எப்பிடித் தெரியப்படுத்தன்னு எனக்கு வெளங்கல டீச்சர்.” அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “தப்பு என்னோடதுதான் பெரியம்மா,” என்றேன். அவர் குழந்தையின் காலைக் கம்பளிக்குள் தள்ளிவிட்டார்.

அடுத்த வாரம், சேதி தெரிவிக்க ஒரு வழியைக் கண்டுபிடித்ததும் அவர்தான். பதினொன்றரை மணி இடைவேளையில் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கப் பாதை வளைவுக்கு வந்து, குழந்தையை இரு கையாலும் தூக்கிக் காட்டுவார். நான் கையசைத்தால் திரும்பிப் போய்விடுவார். மூடுபனி இறங்கிய நாட்களில் வளைவு தெரியாது. ஆனால் சரியாக அந்த நேரத்துக்கு, வெள்ளைக்குள்ளிருந்து என் மகளின் அழுகை கேட்கும். அழுகையைக் கேட்டுத்தான் நிம்மதியாக வகுப்புக்குப் போவேன்.

ஒருநாள் குளிப்பாட்டும்போது தொடையில் சின்னதாகச் சிவந்திருந்ததைப் பார்த்து, பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் தயங்கினார். “பனியில நான் எதத் தூக்கிக் காட்ட? சத்தம் வந்தாத்தான உங்களுக்கு மனசு நிக்கும். லேசாத்தான் கிள்ளுனேன்.”

அன்றிரவு அந்த இடத்தை எத்தனை முறை தடவினேனோ தெரியாது. மறுநாளும் பனி. இடைவேளை மணி அடித்ததும் ஜன்னலுக்குப் போய், என் குழந்தை அழுவதற்காகக் காத்து நின்றேன்.